ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு டப்பாக்கள்

முப்பத்தோரு வருடம் மற்றவர்களின் மலத்தைப் பார்த்துப் பிழைத்தவள் நான். சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று என் மகன் இன்றைக்கும் தெலுங்கில் கெஞ்சுவான். அந்தப் பிழைப்பில் படித்துத்தான் அவன் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குப் போனான். நான் என்ன செய்ய? பூ வியாபாரம் பார்த்திருந்தால் பூவைப் பற்றிப் பேசியிருப்பேன்.

போன மாதம் என் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற வருடம் சேர்ந்தவள். இப்போது அங்கே எல்லாம் அவள்தான். "மேடம், கிருமி வளக்குற அந்த ஜாடிங்களை பழைய சாமான்காரருக்குப் போட்டுடலாமா? இப்போ மெஷினே கிருமியோட பேரெல்லாம் படிச்சிடுது," என்றாள். தாராளமாகப் போடு என்றேன். பிறகு, "தட்டுல கண்ணால பாத்து என்னதான் மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கண்டுபிடித்தது ஒன்று உண்டு. தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் செகந்தராபாத் தமிழர்கள். ஜெபம் தமிழில், காய்கறி தெலுங்கில், சண்டை உருதுவில். 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் ஏன்: இந்த ஊர் உருது எங்கள் தமிழிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு ரயில்வே. நான் ஆய்வகப் பட்டயப் படிப்பு முடித்து, ஓர் அரசு மருத்துவமனையின் பின்கட்டில் இருபது வருடம் புழு முட்டையும் டைஃபாய்டும் தேடினேன். அந்த இருபது வருடத்தைப் பற்றி எழுத இந்த ஒரு வரி போதும். அதன் பிறகு பேகம்பேட்டில், டாக்டர் சேஷகிரி நடத்திய சின்ன ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

விமான நிலையம் ஊருக்கு வெளியே போய்விட்ட பிறகு பேகம்பேட்டின் ஆகாயம் திடீரென்று அமைதியாகிவிட்டது. அதற்கு முன் தினமும் எங்கள் கண்ணாடிக் குழாய்கள் விமானச் சத்தத்தில் கிணுகிணுக்கும். எல்லாம் நின்றுபோன பிறகு ஆய்வகத்தில் இன்குபேட்டரின் ரீங்காரம் மட்டும் மிச்சம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு நிலை வரும். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல் இருக்கிறது.

டாக்டர் சேஷகிரி நெட்டையான மனிதர். சென்னையில் படித்ததால் தமிழ் வரும். ஆனால் தெலுங்கைத் தாளித்துக் கொட்டித்தான் பேசுவார். கையுறை போடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். அதன் பிறகு எவ்வளவு நேரமானாலும் அவசரம் கிடையாது. நோயாளிகளுக்கு எங்களிடம் எண்தான், பெயர் இல்லை. ஆனால் வெறும் எண்ணைச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "பதினேழு காரு வந்தாரா?" என்றுதான் கேட்பார். தெலுங்கில் 'காரு' என்றால் நம் 'அவர்கள்' மாதிரி. நான் முதல் நாள் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "டப்பாக்குள்ள இருக்கிறதும் அந்த மனுஷர்தானே ஸ்டெல்லம்மா? அவர்ல ஒரு பாகம் நம்ம வீட்டுக்கு வந்திருக்கு. மரியாதை குடுக்கணுமா, வேணாமா?" என்றார். எதைக் கேட்டாலும் முதலில் "ஏமோ" என்பார். யாருக்குத் தெரியும் என்று அர்த்தம். பெரிய பட்டங்கள் வாங்கியவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அத்தனை சுலபமாக வருவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்கும் குடலில் வாழும் கிருமிகளுக்கும் சம்பந்தம் உண்டா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகள் வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று வெளிநாட்டிலிருந்து செய்திகள் வந்துகொண்டிருந்த காலம். தலையில் நடப்பதற்கு வயிற்றில் ஒரு வேர் இருக்குமோ என்று பலரும் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். டாக்டரின் யோசனை எளிமையானது. ஒரு நோயாளி, அவரோடு ஒரே சமையலறையில் சாப்பிடும், நோயில்லாத ஒருவர். இரண்டு பேரிடமும் வாரம் ஒரு தடவை மலம் வாங்கி, ஒப்பிட்டுப் பார்ப்பது. சாப்பாடு ஒன்று, தண்ணீர் ஒன்று. அப்படியும் வித்தியாசம் தெரிந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடலாம்.

வேலை இப்படி நடக்கும். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குள் பனிக்கட்டிப் பெட்டியில் டப்பா வர வேண்டும். மூடியிலேயே குட்டிக் கரண்டி பொருத்திய வெள்ளை டப்பா. கூடவே ஒரு படிவம்: என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து, ஆன்டிபயாடிக் உண்டா. ஒரு கிராம் எடுத்து ஒன்பது மில்லி உப்பு நீரில் கலக்க வேண்டும், அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து அடுத்த ஒன்பதில், அதிலிருந்து அடுத்ததில். ஏழெட்டுக் குழாய் தாண்டினால் கிருமிக் கூட்டம் குறைந்து எண்ணக்கூடிய அளவுக்கு வரும். அதை, ரத்தம் கலந்து உறையவைத்த சிவந்த கூழ்த் தட்டில் பரப்பி ஜாடிக்குள் அடுக்கி, ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தைப் போட்டு மூடுவோம். உள்ளே ஒரு நீலத் தாள் இருக்கும். அது வெளுத்துப்போனால் காற்று போய்விட்டது என்று பொருள். நமக்கு உயிரான காற்று அந்தக் கிருமிகளுக்கு விஷம். நீலம் மெல்ல மெல்லக் கரைவதை நான் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து பார்ப்பேன். திங்கட்கிழமை ஜாடியைத் திறந்தால் தட்டு முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு கிருமியின் குடும்பம். சாம்பல், பால் வெள்ளை, பழுப்பு. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தினுசு. சில மாதங்களில் எண்ணைப் பார்க்காமலே யாருடைய தட்டு என்று சொல்ல எனக்குப் பழகிவிட்டது.

பதினேழாம் எண் சங்கர். அவன் அக்கா வேணி பதினேழு-அ. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வேணிக்கு பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. இருபத்து மூன்று வயதில் சாஃப்ட்வேர் வேலைக்கென்று வந்த தம்பிக்கு ஒரே வருடத்தில் குரல்கள் கேட்கத் தொடங்கின. உப்பலில் ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறை எடுத்து, அக்காதான் அவனைப் பார்த்துக்கொண்டாள். சனத்நகரில் ஒரு டாக்டரம்மாவிடம் வைத்தியம். அவர்தான் எங்களிடம் அனுப்பினார்.

முதல் சில வாரங்கள் சங்கரும் கூடவே வருவான். சாதுவான பையன். மாத்திரையினால் உடம்பு ஊதி, நடை கொஞ்சம் தள்ளாடும். ஒருநாள் அவனுடைய தட்டைப் பார்க்க வேண்டும் என்றான். காட்டக் கூடாதுதான். காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தான்.

"இத்தனை பேரா மேடம் எனக்குள்ள இருக்காவ?"

"ஹவ் தம்பி, எல்லாருக்குள்ளயும் இருக்கும். எனக்குள்ளயும் உண்டு."

"அப்ப சரிதான். எனக்குக் கேக்குற சத்தத்துக்கு இத்தனை பேரு இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் இன்குபேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் நிஜமாகவே காது கொடுத்துக் கேட்டேன். எனக்கு ரீங்காரம் மட்டும்தான் கேட்டது.

ஆறாம் வாரத்திலிருந்து அவன் வரவில்லை. வேணி மட்டும் ஆபீசுக்குப் போகும் வழியில் இரண்டு டப்பாவையும் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்துவிட்டு உடனே போக மாட்டாள். டீ குடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருவாள். இந்த ஊரில் அவளுடைய தம்பியைப் பற்றிக் குரலைத் தாழ்த்தாமல் விசாரித்தது நாங்கள் மட்டும்தான். ஒருமுறை கேட்டாள்:

"ஸ்டெல்லாக்கா, அவனுக்கு வயித்துலதான் கோளாறுன்னு ஒரு பேப்பர்ல எழுதித் தருவீங்களா?"

"அப்டி எல்லாம் எழுத முடியாதும்மா. இன்னும் ஒண்ணும் தெரியாது. ஏன் கேக்குற?"

"வயித்துக் கோளாறுன்னா எங்க ஊர்ல சுக்குக் கசாயம் போட்டு எடுத்துட்டு வருவாவ. மத்ததுன்னா வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிருவாவ. எனக்கு மாப்பிள்ளை பாக்காவ. தம்பிக்கு வயித்துப் புண்ணுன்னுதான் அப்பா சொல்லி வச்சிருக்காவ. நீங்களும் அதையே எழுதிட்டீங்கன்னா, அது பொய்யில்லாம ஆயிரும்லா?"

பிஸ்கட் எடுத்துக்கொள் என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கரின் தட்டு மாற ஆரம்பித்தது. முதல் ஐந்து வாரம் அக்கா தட்டும் தம்பி தட்டும் சாயலில்கூட ஒத்துப்போகாது. அக்காவுடையதில் ஒரு தனிப் புள்ளி வரும். நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் லேசாகப் பழுப்பேறி. தம்பியுடையதில் அது இருந்ததே இல்லை. ஆறாம் வாரம் அவன் தட்டிலும் அது வந்தது. ஏழாம் வாரம் நிறைய வந்தது. அதன் பிறகு இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். டாக்டர் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த இரண்டு தட்டையும் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையல், அக்கா கைத் தயிர், அவளுடைய குடலின் கூட்டம் மெதுவாகத் தம்பிக்குள் குடியேறுகிறதா? "ஏமோ," என்றார். ஆனால் அன்றைக்கு அவர் அதைச் சொன்ன விதத்தில் ஆசை இருந்தது. எனக்கும் இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்கு அமைதி இப்படிச் சோற்று வழியாகவே போய்ச் சேரும் என்றால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று கனவு கண்டுகொண்டே வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

அந்தக் கனவில்தான் தப்புச் செய்தேன். ஆய்வு முடியும்வரை பங்கெடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. அடுத்த வியாழக்கிழமை வேணியின் வாடிய முகத்தைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். உன் தம்பியோட தட்டு அப்படியே உன்னோடது மாதிரி ஆயிட்டு வருதும்மா."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கி, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சந்தோஷத்தில்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த முறை சனத்நகர் போனபோது வேணி டாக்டரம்மாவிடம், தம்பி நன்றாகத் தூங்குகிறான், குரல் எதுவும் இல்லை, ஆய்வகத்திலும் நல்ல மாற்றம் என்கிறார்கள் என்று சொல்லி, மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா தயங்கி எங்கள் டாக்டருக்குப் போன் செய்தார். இவர், மாற்றம் தெரிகிறது, அர்த்தம் தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னார். பையனும் சரியாகிவிட்டது என்றானாம். மாத்திரை பாதியாகக் குறைந்தது.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. ஜாடியைத் திறந்தால் பதினேழு-அ தட்டு ஏறக்குறைய காலி. படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'பல் வலி, ஐந்து நாள் ஆன்டிபயாடிக்' என்று வேணி நேர்மையாக எழுதியிருந்தாள். பல்லுக்குக் கொடுக்கும் மாத்திரை, காற்றில்லாமல் வாழும் கிருமிகளைத்தான் முதலில் அடிக்கும். அதனால் தட்டு காலியாக இருந்தது சரிதான். அடுத்து பதினேழாம் தட்டை எடுத்தேன். அதுவும் காலி. சங்கரின் படிவத்தில், அதே கையெழுத்தில், 'ஆன்டிபயாடிக்: இல்லை' என்று இருந்தது.

முதலில் என்மேல்தான் சந்தேகப்பட்டேன். ஜாடி கசிந்ததா? நீலத் தாள் நன்றாக வெளுத்திருந்தது. அதே ஜாடியில் இருந்த மற்ற நான்கு பேரின் தட்டுகளும் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. எண்ணை மாற்றி எழுதினேனா? மூடியையும் தட்டையும் நோட்டையும் மூன்று முறை சரிபார்த்தேன். அக்காவின் பல் வலிக்குத் தம்பியின் குடல் காலியாகாது. தயிர் வழியாக மாத்திரை போகாது. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஆறாம் வாரம்வரை போனேன். அவன் வராமல் நின்ற வாரம். குழி விழுந்த அந்தப் புள்ளி அவன் பெயரில் முதலில் வந்த வாரம். இரண்டு டப்பாவிலும் அன்றிலிருந்து அவளுடையதுதான் இருந்திருக்கிறது.

இரண்டு தடவை டப்பா வராவிட்டால் ஆய்விலிருந்து பெயர் போய்விடும் என்று அவளிடம் சொன்னதும் நான்தான். அங்கே உப்பலில் ஒரு பையன் பாதி மாத்திரையில் மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறான். அவன் தேறிவருகிறான் என்பதற்கு இருந்த சாட்சி என் தட்டு. அதை வெளியே சொன்னது என் வாய்.

டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். விதியை மீறி வேணியிடம் பேசியதையும் சேர்த்து. அவர் இரண்டு காலித் தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்த முறை 'ஏமோ' வரவில்லை. கையுறையைக் கழற்றி, கை கழுவி, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அந்த நேரத்துக்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நக்கோ ஸ்டெல்லம்மா. முதல்ல டாக்டரம்மாவுக்கு போன். வருத்தம் அப்புறம் படலாம், அது எங்கயும் போகாது," என்றார்.

சனத்நகரிலிருந்து பதில் உடனே வந்தது: மாத்திரை இன்றே பழைய அளவுக்குப் போக வேண்டும், நாளைக் காலை பையனைக் கூட்டிவர வேண்டும். டாக்டர் நோட்டில் பதினேழாம் எண்ணின் பக்கத்தில் அளவுகோல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். 'ஆறாம் வாரம் முதல் இரண்டும் ஒருவருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்னையும் போடச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேணி போனை எடுக்கவில்லை. அவள் ஆபீசில் வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். வரவேற்பில் சொல்லி வைத்துவிட்டு, மாத்திரை அளவை எழுதிய தாளோடு நானே உப்பலுக்குப் புறப்பட்டேன். நோயாளிகளின் வீடுகளுக்குப் போகும்போது எடுத்துப் போகும் பையைப் பழக்கத்தில் தோளில் மாட்டிக்கொண்டேன். காலி டப்பாக்களும் பனிக்கட்டிப் பெட்டியும் எப்போதும் அதில் இருக்கும்.

பிற்பாடு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போய் ஒரு மணி நேரத்தில் வேணி மூச்சிரைக்க வந்தாள். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அவன் தர மாட்டேன்னுட்டான்க்கா. விட்டா எங்க பேரை எடுத்துருவீங்கன்னு பயந்துட்டேன். வியாழக்கிழமை இல்லன்னா நான் யாருகிட்டப் பேசுவேன்?" என்று அழுதாள். பிறகு கோபம் வந்தது. "என்னோடது மாதிரி ஆகுதுன்னு நீங்கதான சொன்னீங்க? பொய்யின்னு எனக்குத் தெரியும். நானே வச்ச டப்பா. ஆனா நீங்க அப்படிச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லும்போது நானே நம்பிட்டேன்க்கா. நம்பித்தான் மாத்திரையக் குறைக்கச் சொன்னேன்." அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. வாங்கிக்கொண்டேன். சங்கர் பழைய நிலைக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதில் பத்து நாள் மருத்துவமனையில். பிறகு வீட்டிலிருந்தே செய்யும் சின்ன வேலை ஒன்று கிடைத்தது. வேணி தன்னைப் பார்க்க வந்த ஒருவரிடம் நோயின் சரியான பெயரைச் சொல்லியே கல்யாணம் செய்துகொண்டாள். நான் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எங்கள் ஆய்வு பதினேழு இல்லாமல் முடிந்தது. உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. வயிற்றுக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரிந்து இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வேணி வருவதற்கு முன் இருந்த அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

உப்பல் சாலையில் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தூசியில் மத்தியான வெயிலே மஞ்சளாக இருந்தது. சங்கர்தான் கதவைத் திறந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன. தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ! ஜன்னல்களில் எல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தான். அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் அறை முழுக்க டீ நிறமாக இருந்தது. தாளின் பின்பக்க எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, பாயை விரித்துப் போட்டு உட்காரச் சொன்னான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்தில் யாரோ பேசுவதுபோல் நடுநடுவே தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டான்.

தாளில் இருந்தபடி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். மறுப்பே சொல்லாமல் விழுங்கினான். அப்புறம் கேட்டேன்.

"தம்பி, டப்பால வந்ததெல்லாம் உன்னோடது இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். ரெண்டுலயும் அவளோடதத்தான் வைப்பா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"கைக்கு தம்பி? ஏன் ஒரு வார்த்தை சொல்லல? நீயும் ஏன் குடுக்கல?"

"என்னோடதப் பாத்து என்ன பண்ணப் போறீங்க? எனக்குத்தான் வந்துட்டே. அவளோடதுன்னா ரெண்டு டப்பா. ரெண்டு தடவை பாப்பீங்கல்லா? ஒண்ணுல விட்டுப்போனாலும் இன்னொண்ணுல தெரிஞ்சிரும்லா?"

"என்ன தெரியும்?"

"எனக்கு வந்தது அவளுக்கும் வருமான்னு."

மாத்திரையைக் குறைத்தபோது சரியாகிவிட்டது என்று ஏன் சொன்னாய் என்று கேட்க வந்தேன். கேட்கவில்லை. அவளுடைய இரண்டு டப்பாவும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அவன் எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பான். குரல்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, பதினொரு வாரமாக, அவன் எங்கள் முடிவுக்காகக் காத்திருந்திருக்கிறான்.

"ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே சட்டியில திங்கோம்," என்றான். என் முகத்தையே பார்த்தான். அன்று முழுக்க அவன் தலையைத் திருப்பாமல் யாரையாவது பார்த்தான் என்றால் அந்த ஒரு நிமிடம்தான். "நல்லாப் பாத்தீங்களா மேடம்? அவளுக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

யாருக்கு இந்த நோய் வரும், யாருக்கு வராது என்று எந்தத் தட்டும் சொல்லாது. அன்றைக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அந்த ஆய்வகத்தில் நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தெரியாது என்று சொல்லிப் பழகியவர்கள். தெரியாததைச் சொல்லி ஒரு வீட்டை என்ன பாடு படுத்தினேன் என்று அன்று காலைதான் பார்த்திருந்தேன்.

"பாத்தேன் தம்பி. ரெண்டு டப்பாவுலயும் பாத்தேன். அவளுக்கு வராது," என்றேன்.

அவன் தோள் இரண்டும் கீழே இறங்கின. எத்தனை நாளாக அப்படித் தூக்கி வைத்திருந்தானோ! சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினான்.

"அப்ப அந்த டப்பாவைக் குடுங்க. இனி என்னோடதத் தாரேன்."

நோட்டில் அவனுடைய எண்மேல் கோடு போட்டாகிவிட்டது. அதை நான் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவன் கொண்டுவந்து கொடுத்ததும் எண்ணும் தேதியும் எழுதி, பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து மூடினேன். உப்பலிலிருந்து பேகம்பேட் வரைக்கும் அந்தப் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.